காலையிலேயே பார்த்த புராஜெக்ட்

“எந்த சென்டர்லம்மா வாங்கின இத?” என்று கேட்டார், இறுதியாண்டு புராஜெக்ட் வைவாவுக்கு வெளியூர்க் கல்லூரியிலிருந்து வந்திருந்த சார். லேப்டாப்பில் நான் முதல் திரையைத்தான் காட்டியிருந்தேன்.

“நானே எழுதினது சார்.”

“காலையிலயே ஒரு பொண்ணு இதையேதான் காட்டிச்சு. கலர் மட்டும் வேற. அதுவும் நானே எழுதினேன்னுதான் சொல்லிச்சு.”

பக்கத்தில் இருந்த எங்கள் துறை மேடம் தலை நிமிரவில்லை. அவருக்கு இது புதிதல்ல. எங்கள் வகுப்பில் நிறைய பேர் புராஜெக்டை வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்கள். புராஜெக்ட் விற்கும் சென்டரில் காசு கொடுத்தால் புரோகிராம், ரிப்போர்ட், வைவாவில் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் எல்லாம் ஒரே பென்டிரைவில் போட்டுத் தருவார்கள்.

நான் வாங்கவில்லை. ரிஷிவந்தியம் பக்கம் அடுத்தவர் கொல்லையில் கரும்பு வெட்டுகிறவர்களின் மகள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள். அடுத்தவர் எழுதியதை என்னுடையது என்று காட்டுவது எனக்குக் கேவலம்.

நான் எழுதியது சின்ன புரோகிராம்தான். கல்லூரி வைஃபையில் பாடங்களை இறக்கிக்கொண்டால், அதற்குப் பிறகு நெட் இல்லாமலே போனில் பார்க்கலாம். புரோகிராமிங் பாடங்களையும் நானே எங்கள் ஊர்ப் பேச்சில் பேசிப் பதிவு செய்திருந்தேன். எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸாக நெட்டில் போட்டிருந்தேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். எழுதியவள் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது.

இதைச் செய்யத் தோன்றியதே விடுதியில் என் அறைத்தோழியால்தான். அவள் கரியாலூர்ப் பக்கம். லீவில் ஊருக்குப் போனால், மலை ரோட்டில் ஒரு வளைவுக்கு நடந்து வந்து நின்றால்தான் அவளுக்கு சிக்னல் கிடைக்கும்.

எந்த வரியை எந்த நாளில் எழுதினேன் என்று நெட்டில் பதிவாகியிருந்ததை சாரிடம் காட்டினேன்.

“தேதிய மாத்தறதெல்லாம் உங்களுக்கு ஒரு வேலையா?”

மாற்ற முடியும்தான். அப்போதுதான், புரோகிராமோடு சேர்த்து வைத்திருந்த மாதிரிப் பாடம் ஞாபகம் வந்தது. என் பெயரை அழித்து விற்ற சென்டர்காரர்கள் அதைக் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

“காலையில வந்ததுல மாதிரிப் பாடத்தப் போட்டுப் பாருங்க சார்.”

காலையில் காட்டிய புராஜெக்ட் லேப் கம்ப்யூட்டரில் இருந்தது. போட்டார். என் குரல் வந்தது. “இப்ப இன்னா பண்றோம்னா…” அதற்கு மேலேயே எங்கள் அம்மாவின் குரல். “யாருகிட்டடி தனியா பேசிக்கினு இருக்கிற? ஆட்டக் கட்டிட்டு வந்து பேசு!”

லேப் முழுக்கச் சிரித்தது. சாரும் சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை. நிமிர்ந்து நின்றேன்.

“அந்தப் பொண்ணக் கூப்பிடுங்க” என்றார்.

உள்ளே வந்தது என் அறைத்தோழி.

“இது யார் குரல்மா?”

அவள் என்னைப் பார்க்கவில்லை. “அவளோடது சார். இன்னொன்னு அவங்க அம்மா. அவங்க வூட்ல சாப்பிட்டிருக்கேன்.”

அவளைப் புராஜெக்டில் ஃபெயில் செய்துவிட்டார்கள். இன்னொரு புராஜெக்ட் செய்து காட்டினால்தான் அவளுக்கு டிகிரி. எனக்கு நல்ல மார்க்.

வராண்டாவில் அவள் கையைப் பிடித்துக் கேட்டேன். “என்னுதுன்னு தெரியாதா உனக்கு?”

“சென்டர்ல தொறந்து காட்டினப்பவே தெரியும். கலர் வேற, யாரும் கண்டுபுடிக்க மாட்டாங்க, உன்னுதுன்னா தப்பும் இருக்காதுன்னு தைரியமா வாங்கினு வந்துட்டேன்டி.”

“என்னக் கேட்டிருந்தா நானே சொல்லிக் குடுத்திருப்பேனே. என் பாடமெல்லாம் பாத்த இல்ல?”

“பாத்தேன். ஒண்ணும் புரியல.”

“புரிஞ்சிதுன்னு சொன்னியே!”

“நீ ஆசையா மூஞ்சியப் பாத்துக்கினு நிப்ப. வேற இன்னா சொல்லுவாங்க?”

கையை விடுவித்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மாலையே பெட்டியோடு விடுதியை விட்டும் போனாள்.

நான் சொன்னது உண்மை. இன்னொரு முறை அந்த லேபில் நிறுத்தினாலும் அதைத்தான் சொல்வேன். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் என் பாடங்களுக்குக் கீழே நன்றி எழுதும்போதெல்லாம், புரியல என்ற அவள் சொல்தான் முன்னால் வந்து நிற்கிறது.

அவளுக்குப் போன் செய்துகொண்டே இருந்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. கடைசியில் அவள் அண்ணன் எடுத்தார்.

“அது இனிமே காலேஜுக்கு வராதுங்க. மரவள்ளி போட்டிருக்கோம். கொல்லைல வேலை ஜாஸ்தி. மாப்பிள்ளையும் பாத்துக்கினு இருக்கோம்.”

“நான் போன் பண்ணேன்னு சொல்லுங்கண்ணா.”

“சொல்றேங்க” என்றார். சொன்னாரா என்று தெரியாது.

பிறகு என் முதல் பாடத்தைப் போட்டுக் கேட்டேன். தொடக்கத்திலேயே, “இது உங்களுக்கே தெரியும்” என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போகிறேன். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதையே சொல்கிறேன். அவளுக்குத் தெரியாது. தெரியுமா என்று நான் கேட்டதும் இல்லை.

அந்தப் பாடத்தை நெட்டிலிருந்து எடுத்துவிட்டேன். இன்று காலை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு கரியாலூர் பஸ்ஸில் ஏறினேன். வருகிறேன் என்று அவளுக்குத் தெரியாது. வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். அவள் நின்று பேசும் வளைவை பஸ் இப்போதுதான் தாண்டியது. போனில் சிக்னல் போய்விட்டது.