கோந்த்வாவில் கட்டிய கோட்டை

தமிழரசிக்குக் குழந்தைகள் என்றால் பயம். மராத்தி ஊருக்கு வந்து கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பல வருஷமாக வேலை பார்ப்பவள், சூப்பர்வைசரிடம் நேருக்கு நேர் நின்று பேசுபவள், தம்பி பிள்ளைகளைக் கண்டால் மட்டும் என்ன சொல்வதென்று தெரியாமல் கைப்பைக்குள் எதையோ தேடுவாள். பிஸ்கட் பாக்கெட்டை நீட்டி, "நல்லா படிக்கிறியா?" என்பாள். "ஹா அத்தை" என்று பதில் வரும். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

கல்யாணம் வேண்டாமென்று அவளே எடுத்த முடிவு. அதில் அவளுக்கு வருத்தம் எதுவும் இல்லை. போபோடியில் சொந்தமாக ஒரு சின்ன வீடு, ஒரு ஸ்கூட்டர், ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பு, அதன்பின் நல்ல தூக்கம். போதுமாகத்தான் இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம் தம்பி சபரி போன் செய்தான்.

"அக்கா, பசங்களுக்கு லீவு விட்டாச்சு. எனக்கும் பார்கவிக்கும் ஆபீஸ்ல லீவு தரமாட்டேங்கறாங்க. பசங்களைப் பாத்துக்கற மாவ்ஷியும் ஊருக்குப் போயிட்டாங்க. நீ வந்து கொஞ்ச நாள் இருக்கியா?"

"நானா?"

"வேற யாரைக் கேப்பேன்?"

தமிழரசி லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் துணிப்பையோடு நகரின் மறுகோடியில் இருந்த கோந்த்வாவுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

மறுநாள் காலை சபரியும் பார்கவியும் வேலைக்குக் கிளம்பிப் போனதும் வீடு அமைதியானது. சோபாவின் ஒரு முனையில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் வைஷு. அவள் தோளில் சாய்ந்துகொண்டு, இன்னும் பள்ளிக்கே பழகாத அபினவ். எதிரே தமிழரசி. மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தைகளிடம் பேசும் பேச்சு அவளுக்குத் தெரியாது. தெரிந்ததைப் பேசினாள்.

"சரி, இன்னைக்கு என்ன வேலை இருக்கு?"

வைஷு நிமிர்ந்து உட்கார்ந்தாள். இப்படி அவளை யாரும் கேட்டதில்லை.

"கில்லா பனானா ஹை," என்றவள், அத்தைக்காகத் தமிழுக்கு மாறினாள். "தீபாவளிக்கு இங்க எல்லாப் பசங்களும் மண்ணுல கோட்டை கட்டுவாங்க அத்தை. கீழ எல்லாரும் கட்டியாச்சு. நாங்க மட்டும் இல்லை. மம்மிக்கு டைம் இல்லை."

"யாரு இன்சார்ஜ்?"

"நான்."

"நான்!" என்றான் அபினவ்.

"இன்சார்ஜ் ரெண்டு பேர் ஆயிட்டீங்க. அப்ப நான் லேபர். என்ன கொண்டு வரணும், சொல்லுங்க."

அபினவ் சிரித்தான். ரிக்‌ஷா பிடித்து மூவரும் கடைத்தெருவுக்குப் போனார்கள். நடைபாதையில் செம்மண் மூட்டைகளும் களிமண் பொம்மைகளும் குவிந்திருந்தன. வைஷு வாள் ஏந்திய வீரர்களாகப் பொறுக்கினாள். அபினவ் ஒரு பசுமாட்டை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

"கோட்டையில மாடு எதுக்குடா?"

"தூத் வேணும்ல, பால்."

வைஷு தீர்ப்புக்காக அத்தையைப் பார்த்தாள்.

"வீரர்களும் டீ குடிப்பாங்கதானே," என்றாள் தமிழரசி. மாடும் வந்தது.

கட்டடத்தின் பின்புறம், மதிலோரமாக வேலை நடந்தது. செங்கல்லை அடுக்கி, அதன்மேல் சாக்கை விரித்து, குழைத்த மண்ணை அப்பினார்கள். வைஷு உத்தரவு போட்டுக்கொண்டே இருந்தாள். படிக்கட்டு, குகை, உச்சியில் காவிக்கொடி, சுற்றிலும் அகழி. சாயங்காலம் பார்கவி வந்து பார்த்தபோது மூன்று பேரும் தலை முதல் கால் வரை சிவப்பாக இருந்தார்கள்.

"அண்ணி, நீங்களுமா!" என்று அவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம், மழைக்காலம் முடிந்ததென்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், இடியோடு மழை கொட்டியது. சாப்பிட்ட கையோடு கீழே ஓடிப் பார்த்தால் கோட்டையில் பாதியைக் காணோம். படிக்கட்டு கரைந்து போயிருந்தது. வீரர்கள் சேற்றில் குப்புறக் கிடந்தார்கள்.

"எல்லாம் வேஸ்ட்," என்று வைஷு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும். தமிழரசி குப்புறக் கிடந்த ஒரு வீரனை எடுத்துச் சேற்றைத் துடைத்தாள். இத்தனை வயதில் ஒரு மண்கோட்டைக்காகக் கண் கலங்குமென்று அவள் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கும் அழுகையா வருது வைஷு," என்றாள்.

வைஷு மெல்லத் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள். நிஜமாகத்தான் சொல்கிறாள் என்று தெரிந்ததும் அருகில் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் அபினவ் சேற்றில் குந்தியிருந்தான். "தீதி, பாரு! மாடு பானி குடிக்குது!"

சரிந்த மண் அகழியை அடைத்துக்கொண்டதில் சுற்றிலும் ஒரு குளமே நின்றிருந்தது. நடுவில், கொடி சாய்ந்த உச்சி மட்டும் தப்பி நின்றது. வைஷு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

"அத்தை, இது ஜல்துர்க்."

"அப்படின்னா?"

"சமுத்திரத்துக்கு நடுவுல இருக்கற கோட்டை. ஸ்கூல்ல படம் காட்டினாங்க. தண்ணி நிக்கணும்னா அடியில பிளாஸ்டிக் போடணும்."

தமிழரசி மாடிக்கு ஓடிப் பழைய பிளாஸ்டிக் மேஜைவிரிப்பை எடுத்து வந்தாள். பக்கத்துக் கட்டடத்திலிருந்து வைஷுவின் தோழி நஸ்ரின் காகிதக் கப்பல்களோடு வந்து சேர்ந்தாள். கோட்டை கரைந்துபோன மற்ற பிள்ளைகளும் தங்கள் வீரர்களைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாருக்கும் அந்தச் சமுத்திரத்தில் இடமிருந்தது.

தீபாவளியன்று சாயங்காலம் கோட்டையைச் சுற்றி அகல் ஏற்றினார்கள். தண்ணீரில் வெளிச்சம் ஆடியது. வேடிக்கை பார்க்க வந்த ஒரு பெரியவர், யார் கட்டியது என்று மராத்தியில் விசாரித்தார்.

"மீ, அபினவ், நஸ்ரின், ஆணி ஆம்ச்சி அத்தை," என்றாள் வைஷு. நாங்களும் எங்கள் அத்தையும் என்று.

தமிழரசி குனிந்து, நன்றாக எரிந்துகொண்டிருந்த ஒரு திரியைத் தூண்டிவிட்டாள்.

லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, கூட வேலை பார்க்கும் லீலா, "தீபாவளி எப்படிப் போச்சு?" என்று ஒப்புக்குத்தான் கேட்டாள். டீ ஆறிப்போகும்வரை தமிழரசி பேசினாள். வாய் ஓயாமல் அவள் பேசி லீலா பார்த்ததே இல்லை.

"கிறிஸ்துமஸ் லீவுக்குப் பசங்க ரெண்டு பேரும் போபோடிக்கு வராங்களாம். மெத்தை வாங்கணும், சாயங்காலம் கடைக்குக் கூட வர்றியா?"

"சின்னதா வாங்கினாப் போதுமா?"

"பெரிசாவே வாங்கிடலாம்," என்றாள் தமிழரசி. "அபினவ் உருளுவான்."