சவரிமுத்து அண்ணனின் காரும் வலது பக்கச் சத்தமும்

சனிக்கிழமை ஹட்டன் சந்தையில் லீக்ஸ் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பழைய தோட்டத்துப் பக்கம் ஓடும் பஸ்ஸின் கண்டக்டர் கூட்டத்துக்கு மேலாகத் தலையை நீட்டிக் கூப்பிட்டான். “டீச்சர், பின்பக்கம் சரியாகல, சரியாகலனு சொல்லிக்கிட்டே இருப்பாரே லொறி டிரைவரண்ணே, விடியக்காலையில போயிட்டாரு. நெஞ்சு அடைப்பாம்.” அவனுக்கு அவருடைய பெயர் தெரியாது. அந்தப் பேச்சுத்தான் தெரியும். லீக்ஸை அப்படியே தட்டில் போட்டுவிட்டு அதே பஸ்ஸில் ஏறினேன்.

அவர் பெயர் சவரிமுத்து. உங்களில் பலர் அவரோடு தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவே குந்திக்கொண்டு ஹட்டன் வரைக்கும் வந்தவர்கள். நான் அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்த காலமெல்லாம் என்னை ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கொண்டுபோய் விட்டவர் அவர். செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் கோபக்காரி என்பது உங்களுக்குத் தெரியும். அவர் மேல் எனக்கு இருந்த கோபத்தையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் அந்தக் கார். தோட்டத்தை நடத்திய பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பிப் போனபோது அதை வாங்க யாரும் இல்லை. உலக யுத்தத்துக்கு முந்திய கார் அது. துரை நல்ல பாரமான ஆள். எப்போதும் பின் ஆசனத்தின் இடது மூலையில்தான் உட்காருவார். பின்பக்கத்து ஸ்பிரிங் பட்டைகளில் இரண்டு உடைந்து, துரை இறங்கிப் போன பிறகும் அவர் உள்ளே உட்கார்ந்திருப்பதுபோலவே கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. போகிற போக்கில் அதைத் தன் டிரைவரான சவரிமுத்து அண்ணனுக்கே கொடுத்துவிட்டுப் போனார். புதிய துரை தன் காரோடும் தன் டிரைவரோடும் வந்து இறங்கினார். சவரிமுத்து அண்ணனைத் தேயிலை லொறிக்கு மாற்றினார்கள். கார் தொழிற்சாலைக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் கிடந்தது.

அந்தக் காரை வைத்துக்கொண்டு தோட்டத்தைவிட்டு வெளியேறிவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. கொழும்பிலிருந்து துரையை ஏற்றி வரும்போதெல்லாம் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றக் கினிகத்தேனையில் நிறுத்துவாராம். அங்கே ரோட்டோரத்தில் கராஜ் வைத்திருந்த குணபால என்ற சிங்களவர் அவருக்குச் சிநேகிதர். கராஜுக்குப் பின்னால் இரண்டு அறை சும்மா கிடக்கிறது, குடும்பத்தோடு வா, காரை ஹயருக்கு ஆள் ஏற்றி ஓட்டலாம், மிச்ச நேரத்தில் எனக்கு ஒத்தாசை செய் என்று குணபால சொல்லியிருந்தார். “பெரட்டுத் தப்பு இல்லாத ஊர்ல ஒரு நாளாவது கண்ணு முழிக்கணும் டீச்சர்” என்று அண்ணன் என்னிடம் சொன்னார். விடிவதற்கு முன் ஆட்களை வேலைக்குக் கூப்பிட அடிக்கும் அந்தத் தப்பு மேளச் சத்தத்தில்தான் அவர் பிறந்ததிலிருந்து எழுந்துகொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொட்டகைக்குப் போய்விடுவார். ரயில் பாதைச் சிலிப்பர் கட்டைகளை அடுக்கிக் காரின் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தி, சக்கரங்களைக் கழற்றினார். பட்டைகளை அச்சோடு சேர்த்துக் கட்டியிருந்த யூ போல்ட்டுகள் துருவேறி ஒன்றாகிப் போயிருந்தன. நானாக இருந்தால் சுத்தியலால் ஒரே போடாகப் போட்டிருப்பேன். அதைச் சொன்னபோது சிரித்தார். “போல்ட்டுகிட்ட கோவத்தக் காட்டக் கூடாது டீச்சர், மண்ணெண்ணெயக் காட்டணும்.” வாரக் கணக்கில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி ஊறவைத்துக் கையாலேயே கழற்றினார்.

உடைந்த பட்டைகளுக்குப் பதில் கிடைக்கவில்லை. லொறியிலிருந்து கழித்துப் போட்ட பட்டைகளை ஆசாரியிடம் கொடுத்து, அறுத்துச் சிறிதாக்கி, உலையில் காய்ச்சி வளைத்தார். பட்டையின் நுனிகள் சட்டத்தில் மாட்டுகிற இடத்தில் ரப்பர் புஷ் வேண்டும். கொழும்பிலும் இல்லை என்றார்கள். தொழிற்சாலையில் தேய்ந்துபோன பெல்ட் ஒன்றைக் கேட்டு வாங்கி, வட்டம் வட்டமாக வெட்டி, நடுவில் துளையிட்டுப் போட்டார். அந்த ரப்பரைப் பற்றி அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. “எந்தப் பாரத்தோட ஓடப்போகுதோ, அந்தப் பாரத்தோடதான் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு முறுக்கணும். வெறும் வண்டியில இறுக்குனா, ஆள் ஏறுனதும் ரப்பர் முறுகிக் கிழிஞ்சிரும்.”

அதனால் கடைசி முறுக்கு அன்று எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். மழைத் தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே, இரண்டு பக்கமும் சக்கரம் இருக்கும்படி காரை நிறுத்தியிருந்தார். முன்னால் இடது பக்கம் அவர் மனைவி மரியாயி. பின்னால் அவர் தங்கை செபமாலை, அவளுடைய இரண்டு பெண் பிள்ளைகள், அரிசியும் சட்டிபானையும் கட்டிய மூட்டைகள், அவற்றோடு நான். எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். “ஹட்டனுக்கு நீங்களும்தானே வருவீங்க, ஏறுங்க” என்றார். சின்னப் பிள்ளை எங்களைத் தாண்டி முன்னால் போய் ஸ்டியரிங்கைப் பிடிக்கப் பார்த்தாள். “அங்க யாரும் ஏறக் கூடாது!” என்று அடியிலிருந்து அதட்டல் வந்தது. அவர் கானுக்குள் மல்லாந்து கிடந்தார். ஓடுகிற தண்ணீர் முதுகுக்கடியில். மேலே நாங்கள் அத்தனை பேரும். “அசையாம இருங்க” என்று சொல்லிச் சொல்லி முறுக்கினார். அவருடைய மூச்சு இரைப்பது பலகைக்குக் கீழே எனக்குக் கேட்டது.

புறப்படுவதாகச் சொன்ன நாளில் நானும் ஹட்டன் போக வந்து நின்றேன். மூட்டைகள் ஏறின. மரியாயி ஏறினாள். செபமாலை மட்டும் லயத்து வரிசை வீட்டு வாசலில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அவள் புருஷன் தாயின் சாவுக்கு இந்தியா போனவன். இந்த நாட்டுப் பிரஜையும் இல்லை, அந்த நாட்டுப் பிரஜையும் இல்லை என்று ஆன பிறகு திரும்பி வர அவனுக்கு வழியில்லாமல் போயிற்று. தோட்டத்துப் பதிவேட்டில் அவன் பேரை வெட்டிவிட்டார்கள். நோயாளியான செபமாலைக்கு அங்கே வேலையும் இல்லை, பேரும் இல்லை. அண்ணன் பேரில் தோட்டம் கொடுத்திருந்த கடைசிக் காம்பரா அறையில்தான் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

“ஏறு புள்ள” என்றார் அண்ணன்.

“நீ போ அண்ணே. நான் எப்படி வர்றது? அவரு வந்தா இந்த லயத்துக்குத்தானே வருவாரு. இங்க நான் இல்லாட்டி எங்கனு போய்த் தேடுவாரு?”

“நான் போயிட்டா இந்தக் காம்பராவ ஒனக்கு விட்டு வைப்பாங்களா?”

அவள் பிள்ளைகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்தார். நான் பின்னால் இருந்தேன். தொழிற்சாலை வளைவு வரைக்கும் போனோம். அங்கே வலது பக்கம் அடியில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். அவர் நிறுத்தினார். இறங்கிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

“பின்பக்கம் சரியாகல டீச்சர். திரும்பப் பிரிக்கணும்” என்றார். காரைத் திருப்பிக் கொட்டகைக்கே கொண்டுபோய் விட்டார். மரியாயி மூட்டைகளை இறக்கினாள்.

அதற்குப் பிறகு அந்தப் பின்பக்கத்தை அவர் எத்தனை முறை பிரித்துப் பூட்டினார் என்று யாருக்கும் தெரியாது. பூட்டுவார். எங்களை ஏற்றி வைத்துக் கானுக்குள் படுத்து முறுக்குவார். வளைவு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பார். திரும்பி வருவார். கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கூடை மாட்டிக்கொண்டே கேட்பார்கள்: “என்ன டிரைவரண்ணே, பின்பக்கம் சரியாச்சா?” “இன்னும் இல்ல ஆயி, நான் ஏறுனா கத்துது.” எல்லோருக்கும் காரணம் ஸ்பிரிங் இல்லை என்று தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்கள். பெரிய கங்காணிகூட ஒருநாள் மிகவும் கவலையாக ஸ்பிரிங் பட்டையைப் பற்றி விசாரித்தார்.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. ஹட்டனுக்கு மாற்றலாகி வருகிற சமயத்தில் கேட்டே விட்டேன். “யாரை ஏமாத்துறீங்க அண்ணே? தங்கச்சியால போக முடியலன்னு வாயத் திறந்து சொன்னா என்ன?” அவர் கையைத் துணியில் துடைத்தார். “அப்படிச் சொன்னா அவ அன்னைக்கே எங்கேயாச்சும் எறங்கிப் போயிருவா டீச்சர். ஸ்பிரிங்க சொன்னா யாருக்கும் நோகாது.” ஆனாலும் கோபம் ஆறவில்லை. நல்ல மனுஷன் ஒருவன் கண்ணெதிரே கட்டுண்டு கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரியாது.

சாவு வீட்டில் செபமாலை என் கையைப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் இந்தியாவிலிருந்து வந்த ஆள் ஒருவர், அவள் புருஷன் அங்கே வேறு குடும்பமாகிவிட்டதைச் சொன்னாராம். அழுது முடித்த பிறகு அவளே அண்ணனிடம் போயிருக்கிறாள். “போகலாம் அண்ணே, நானும் வர்றேன்னு சொன்னேன் டீச்சர். அண்ணன் மொகத்துல அப்படி ஒரு சந்தோசம். எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் பொறப்பட்டுச்சு. வளைவுல மறுபடியும் அந்தச் சத்தம். எறங்கிப் பாத்துச்சு. இல்ல புள்ள, நெசமாவே சரியில்ல, மலையில எறங்கையில வழியில ஒடிஞ்சா பிள்ளைகளுக்கு ஆபத்து, ஒரு தடவ பிரிச்சுப் பாத்துட்டுப் போவோம்னுச்சு. பிரிச்சு, பூட்டி, மறுபடியும் பிரிச்சு, அப்படியே மழைக்காலம் வந்திருச்சு. கானுக்குள்ள படுத்துப் படுத்தே நெஞ்சு கெட்டுப்போச்சு.” அவள் சொன்னதை நான் முழுசாக நம்பவில்லை. இத்தனை வருஷம் பூட்டிக் கிடந்தவருக்குக் கதவு திறந்ததும் காலெடுத்து வைக்கப் பயம் வந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

காம்பரா அண்ணன் பேரில் இருந்தது. அந்தப் பேர் போயிற்று. காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. அண்ணனுக்காக வைத்த பூசையன்று கினிகத்தேனையிலிருந்து குணபால வந்தார். பூசை முடிந்ததும் நேரே கொட்டகைக்குப் போய்ச் சட்டையைக் கழற்றினார். கார் கட்டைகளின் மேல், பட்டைகள் கழற்றிய நிலையில், அண்ணன் விட்டபடியே நின்றது. குணபால புஷ்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். இடது பக்கத்து ரப்பர்கள் முழுசாக இருந்தன. வலது பக்கத்து ரப்பர் ஒரு ஓரமாகக் கிழிந்திருந்தது.

“இது முறுக்குற நேரம் யாரு யாரு உள்ள இருந்தது?” என்று கேட்டார்.

நாங்கள் சொன்னோம்.

“சரி. டிரைவர் சீட்ல யாரு?”

மரியாயிதான் மெதுவாகச் சொன்னாள். “யாரும் இல்ல, அவருதான் அடியில கெடந்தாரே.”

குணபால ரப்பரைக் கீழே வைத்தார். “ஐயோ சவரி” என்றார். “எல்லாரையும் ஏத்தினான். அவன ஏத்தல. அவன் ஏறினா அந்த டிரைவர் பக்கத்து ரப்பர் முறுகும்தானே, சத்தம் வரும்தானே. பொய் இல்ல அது.”

அண்ணே, நீங்கள் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறீர்கள். நான் ஏறுனா கத்துது என்று அத்தனை பேரிடமும் சொன்னீர்கள். நாங்கள் அதைச் சாக்கு என்று நினைத்தோம். மனைவி, தங்கை, பிள்ளைகள், சட்டிபானை, பள்ளிக்கூடத்து டீச்சர் வரைக்கும் பாரத்தில் சேர்த்த நீங்கள் உங்களை மட்டும் சேர்க்காமல் விட்டிருக்கிறீர்கள். அது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதற்குத்தான் இப்போது என் கோபமெல்லாம்.

சாயங்காலத்துக்குள் குணபால தான் கொண்டுவந்த ரப்பரைப் போட்டுப் பட்டைகளைப் பூட்டிவிட்டார். எல்லோரையும் ஏறச் சொன்னார். “டீச்சர், நீங்க இங்க” என்று ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த ஆசனத்தைக் காட்டினார். நான் அங்கே ஏறி உட்கார்ந்தேன். ஆசனம் ஒரு ஆள் அளவுக்குக் குழிந்திருந்தது. அடியில் குணபால முறுக்க முறுக்க, பின்னால் செபமாலை விசும்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு நான் இறங்கிக்கொண்டேன். குணபால ஏறி ஓட்டினார். மூட்டைகளும் மரியாயியும் செபமாலையும் பிள்ளைகளுமாகக் கார் தொழிற்சாலை வளைவுக்குப் போனது. நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. வளைவைத் தாண்டிக் கினிகத்தேனை ரோட்டைப் பார்த்து இறங்கிப் போயே விட்டது.

அந்தக் கிழிந்த ரப்பர் வட்டம் என் மேசையில் இருக்கிறது. அண்ணனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.