வெயிலில் நின்ற மஞ்சள் வண்டி

எனக்கு வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. இருபத்தாறு வருஷமாக அடிக்கிறேன். அடிபட்ட தகரத்தை என் மச்சான் தட்டி நிமிர்த்துவான். நான் மேலே பூசி மெழுகி ஒன்றுமே நடக்காத மாதிரி ஆக்கிவிடுவேன். அதனால் நல்ல பெயிண்ட் வீணாவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நல்ல சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுவதைப் பார்க்கும்போது சிலருக்கு வருமே, அந்த மாதிரிக் கோபம். மஞ்சள் வண்டி வைத்திருந்த ஒரு மனிதரிடம் நான் நடந்துகொண்ட விதத்துக்கெல்லாம் அந்தக் கோபம்தான் காரணம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பட்டறைக்கு நேர் எதிரே நாலு மாடிக் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அதன் முன்னால், கம்பி வேலியை ஒட்டி, கூரை இல்லாத இடத்தில் குடியிருப்பவர்களின் வண்டிகள் நிற்கும். ஒரு நாள் காலையில் ஷட்டரைத் தூக்கினால் அங்கே மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை, தரையோடு தரையாகப் படுத்த உடம்பு. பக்கத்தில் நின்ற வண்டிகளெல்லாம் தண்ணீர் லாரி மாதிரி தெரிந்தன. மச்சான் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு ஓடினான். மூன்று சுற்று சுற்றிவிட்டு வந்து, அதன் ஒரு கதவு விலைக்கு நம் பட்டறையையே வாங்கிவிடலாம் என்றான். எந்தப் பணக்காரன் வீட்டுப் பிள்ளை இங்கே வந்து குடியேறியிருக்கிறான் என்று இரண்டு பேரும் கணக்குப் போட்டோம்.

பணக்காரனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இரண்டாம் மாடியில் தனியாகக் குடியிருந்தவர், ஐம்பத்து மூன்று வயது. கடைத்தெருவில் உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். கடைக்கு வருகிறவர்கள் முன்பக்கம் உட்கார்ந்து ஃபிரேம் பார்ப்பார்கள். அவர் பின்னறையில் இருப்பார். சுவரில் ஒரு சின்னத் திறப்பு. அதன் வழியாகச் சீட்டு வரும், அதில் யாரோ ஒருவருடைய கண்ணின் பவர் எழுதியிருக்கும். அவர் லென்ஸைத் தேய்த்து, ஃபிரேமில் பொருத்தி, அதே திறப்பில் திரும்ப வைத்துவிடுவார். முப்பது வருஷமாக இதுதான். ஊரில் பாதிப் பேருடைய கண் அவருக்கு அத்துப்படி, ஒருவருடைய முகமும் தெரியாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், மச்சான் கண்ணாடி போடுகிறவன். முதல் தடவை பேசும்போது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டிருக்கிறார். சொன்னதும், கழற்றி வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இடது கண் ஒண்ணே முக்கால், வலது கண் ரெண்டு. நீங்கதானா அது?" என்று கேட்டாராம். தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்டுபிடித்த மாதிரி அவன் கையைப் பிடித்துக்கொண்டாராம். அன்றிலிருந்து எங்கள் இருவருக்குள் அவர் பெயர் பவர்காரர்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுத்த படுக்கையாக ஒன்பது வருஷம் இருந்தார். இவர்தான் பார்த்துக்கொண்டார். அம்மா போனதும் அக்காக்கள் இரண்டு பேரும் வந்து வீட்டை விற்றார்கள். இவர் பங்கு வந்தது. சின்னதாக ஒரு வீடு வாங்கிப் போடு என்று அக்காக்கள் சொல்ல, இவர் போய் இந்த மஞ்சள் வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றார். அதோடு அக்காக்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். புத்தி கெட்டுப்போச்சு என்று பெரிய அக்கா சொல்லிவிட்டாராம். இதையெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

எனக்கு அவர் புத்தியைப் பற்றிக் கவலையில்லை. பெயிண்டைப் பற்றித்தான் கவலை. அந்த மஞ்சள் லேசுப்பட்ட மஞ்சள் அல்ல. மூன்று அடுக்கு நிறம், அதற்கு மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. வெயில் முதலில் அந்தப் பூச்சைத்தான் தின்னும். பால் திரிந்த மாதிரி வெளுத்து, அப்புறம் செதில் செதிலாக உரியும். வேலிக்கு மேலே ஒரு மரம் வேறு. அதில் உட்காருகிற பறவைகள் எல்லாம் இவருடைய வண்டியைத்தான் குறி வைக்கும். அந்த எச்சத்தை ஒரு நாள் விட்டால் பெயிண்டில் தடம் விழும். மழைக்கு ரப்பர் இறுகிப்போகும், முன்விளக்கு மங்கிப்போகும். குளிர் காலத்தில் எலி எஞ்சினுக்குள் குடித்தனம் வைக்கும். இத்தனையையும் நான் அவரிடம் சொன்னேன், ஒரு தடவை அல்ல, பார்க்கிறபோதெல்லாம். வருஷம் முழுக்க வண்டியை இப்படி வெளியில் விடுவதற்குப் பதில் அதைக் கடலில் தள்ளிவிடலாம் என்றும் சொன்னேன். அவர் தலையை ஆட்டுவார். உறை வாங்கி மூடுங்கள் என்றால், உறை டிக்கியில் இருக்கிறது என்பார். டிக்கியிலேயேதான் இருந்தது, பை பிரிக்காமல்.

அவர் வண்டியைத் துடைக்கிற நேரம் இருக்கிறதே, அதுவும் எனக்குப் பிடிக்காது. காலையில் ஏழரையிலிருந்து எட்டேகால் வரை, எல்லோரும் வேலைக்குப் போகிற நேரம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல், எல்லோரும் திரும்புகிற நேரம். ஈரத் துணியை வைத்துக்கொண்டு ஒரே கதவை அரை மணி நேரம் துடைப்பார். போகிறவர்கள் நிற்பார்கள். எத்தனை கிலோமீட்டர் வேகம், எவ்வளவு பெட்ரோல் குடிக்கும், ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாமா என்று கேட்பார்கள். இவர் ஒவ்வொருவருக்கும் முதல் தடவை சொல்கிற மாதிரி சொல்வார். படம் காட்டுகிறார் மனுஷன் என்று நான் மச்சானிடம் சொன்னேன். அப்போது அது எனக்குச் சந்தேகமே இல்லாத விஷயம்.

இரண்டாவது வருஷம் கூரைப் பகுதியில் லேசாக வெளுப்பு தெரிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. பட்டறையின் பின்னால் ஒரு அறை காலியாக இருந்தது, நாலு பக்கமும் சுவர், மேலே நல்ல கூரை. அங்கே கொண்டுவந்து விடுங்கள், வாடகையும் வேண்டாம் என்றேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு வாரம் யோசித்தார். நடுவில் வந்து வந்து ஏதேதோ கேட்டார். நீங்கள் எத்தனை மணி வரை இருப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை திறப்பீர்களா, மத்தியானம் மச்சானும் இங்கேதான் சாப்பிடுவாரா என்றெல்லாம். வண்டியின் பத்திரத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்து, நாங்கள் ஆறரை வரை எங்கேயும் போக மாட்டோம், கவலைப்படாதீர்கள் என்றேன். அவர் முகம் தெளிந்தது. மறுநாளே வண்டியைக் கொண்டுவந்துவிட்டார்.

முதல் வாரம் தினமும் சாயங்காலம் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும். வண்டியை ஒரு பார்வை பார்த்துவிட்டு எங்கள் பக்கம் வந்து நிற்பார். பெயிண்ட் அடிக்கிற இடத்தில் அப்படி ஒருவர் வந்து நிற்கக் கூடாது. கதவைத் திறந்தால் தூசி, நடந்தால் தூசி. ஒரு தூசி ஒட்டினால் மொத்தத்தையும் தேய்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். முகத்தில் மாஸ்க் இருக்கும், கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருக்கும். வேலையாக இருக்கிறேன் என்று கையைக் காட்டுவேன். அவர் தலையாட்டிவிட்டுப் பிஸ்கட்டை மேஜைமேல் வைத்துவிட்டுப் போவார். மறுநாள் திரும்ப வருவார்.

பாவம், ஒவ்வொரு நாளும் எங்களுக்காகக் காத்து நிற்கிறாரே என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். பின்னறைக்குச் சந்துப் பக்கம் ஒரு தனிக் கதவு உண்டு. அதற்கு ஒரு சாவி போட்டு வாங்கி அவரிடம் கொடுத்தேன். இனிமேல் எங்களைத் தேட வேண்டாம், இந்தப் பக்கமாகவே வரலாம், போகலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை என்றேன். அவர் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். ரொம்ப உதவி என்றார். என் உச்சி குளிர்ந்துபோனது.

அதற்கப்புறம் அவரை நாங்கள் அதிகம் பார்க்கவில்லை. சந்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்கும், மூடுகிற சத்தம் கேட்கும். எதிரே வேலியோரம் அவர் வண்டி நின்ற இடத்தில் வேறு யாரோ ஒரு வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஒரு நாள் சாயங்காலம் பெயிண்டில் கலக்கத் தின்னர் எடுக்கப் பின்னறைக்குப் போன மச்சான் ஒரு மாதிரியான முகத்தோடு திரும்பி வந்தான்.

"மாமா, அவரு வண்டிக்குள்ள உக்காந்திருக்காரு. எங்கயும் போகல. சும்மா உக்காந்திருக்காரு."

அவர் வண்டி, அவர் உட்காருவார், உனக்கென்ன, வேலையைப் பார் என்று எரிந்து விழுந்தேன். எனக்கு அன்று ஒரு கதவில் நிறம் சேரவில்லை, அந்தக் கடுப்பு. மச்சான் சுத்தியலை எடுத்துக்கொண்டு தன் தகரத்துக்குத் திரும்பினான்.

பதினோரு மாதம் கழித்து, ஒரு மத்தியானம் அவர் முன்வாசல் வழியாக வந்தார். நான் அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தேன். வண்டியை எடுத்துப் பழைய இடத்திலேயே விடப்போவதாகச் சொன்னார். எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். பெயிண்ட், ரப்பர், விளக்கு, எலி, பறவை என்று என் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தேன். பதினோரு மாதத்தில் அதன்மேல் ஒரு கீறல் விழுந்ததா, ஒரு புள்ளி வெளுத்ததா, எங்கேயாவது காட்டுங்கள் என்றேன். முடிக்கும்வரை நின்று கேட்டார்.

"வெளியில நின்னா பெயிண்ட் போயிடும்னு தெரியும்க. நீங்க சொல்றதுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரிஞ்சுமா விடுறீங்க?"

"வெளியில நிக்கிறப்போ தினம் ரெண்டு பேராவது நின்னு ஏதாவது கேப்பாங்க. நான் சொல்லுவேன். ஒரு நாளைக்கு எனக்கு அதுதான் பேச்சு. வேற யாரும் கிடையாது."

அவரே மேலே சொன்னார்.

"இங்க விட்டா நீங்க ரெண்டு பேர் இருக்கீங்க, தினமும் வந்து பேசிட்டுப் போகலாம்னு நினைச்சேன். அதான் கொண்டாந்தேன். தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சாவி குடுத்துட்டீங்க."

குற்றம் சொல்கிற குரலே இல்லை அது. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். முகத்தில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. இருங்கள், டீ சொல்கிறேன், குடித்துவிட்டுப் போகலாம் என்று எப்படியோ சொன்னேன்.

"வேண்டாங்க. நீங்க வேலையா இருப்பீங்க."

அதையும் அவர் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. என் நேரம் வீணாகக் கூடாதே என்று உண்மையான அக்கறையோடு சொன்னார். பின்னறைக் கதவைத் திறந்து வண்டியைக் கிளப்பினார். முதல் தடவை கிளம்பவில்லை. மச்சான் போய் பேட்டரிக்கு உயிர் கொடுத்தான். வேன்காரரிடம் சொல்லி இடத்தை வாங்கிக்கொண்டார். சாயங்காலம் ஐந்தரைக்கு மஞ்சள் வண்டி பழைய இடத்தில் நின்றது.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கூரை முழுக்க வெளுத்துவிட்டது. முன்பக்கம் உள்ளங்கை அளவுக்குப் பூச்சு உரிந்திருக்கிறது. என் இடத்திலிருந்தே தெரிகிறது. தெருவுக்கு அது பழகிப்போய்விட்டது, முன்னைப்போல் யாரும் நிற்பதில்லை. சில நாள் ஒருவர், சில நாள் அதுவும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் அவர் ஏற்கெனவே துடைத்த கதவையே இன்னொரு தடவை துடைக்கிறார், இருட்டும்வரை. மச்சான் சில சாயங்காலம் அந்தப் பக்கம் போய் நின்றுவிட்டு வருகிறான். என்ன பேசினாய் என்று நான் கேட்பதில்லை.

நானும் போகலாம் என்று எத்தனையோ தடவை மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வாசல் வரை வந்திருக்கிறேன். தெரு அகலம் பதினைந்து அடிகூட இருக்காது. ஆனால் போய் என்ன சொல்வது? நாலு வருஷப் பழக்கத்தில் பெயிண்ட் போகிறது என்பதைத் தவிர அந்த மனிதரிடம் நான் வேறு எதையும் பேசியதில்லை.