இருபத்திரண்டு சுற்று

பருத்திப்பட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பாதி எனக்கு, பாதி சோற்றுக்கு. என் பாதியில்தான் கிட் தயாராகிறது. ரேடியோவில் ஊர் விட்டு ஊர் பேசிக்கொள்வதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவர்கள் தங்கள் கையாலேயே பற்றவைத்துச் செய்துகொள்ளும் சின்ன ரிசீவர் அது. அதற்கான சாமான்களை எண்ணிப் பொட்டலம் போட்டு, செய்முறைத் தாளோடு அனுப்புவேன். வடிவமைத்தவள் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் பதினோரு வருஷம் சர்க்யூட் போர்டு பற்றவைத்த கை இது. ஆனாலும் போனை எடுத்தால் முதல் கேள்வி, "சார் இருக்காரா?"

இருக்கிறார். ஆவடியில் ராணுவ வண்டிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறார். ரெசிஸ்டரைக் காட்டினால் மிட்டாயா என்று கேட்பார்.

போன வருஷம் ஒரு ரேடியோ கிளப் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி ஒன்றுக்காக என்னிடம் பன்னிரண்டு கிட் வாங்கியது. பயிற்சி கொடுத்தவர் கிளப்பின் செயலாளர். அன்று சாயங்காலமே கிளப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டார்: பன்னிரண்டும் வேலை செய்யவில்லை, வடிவமைப்பிலேயே கோளாறு, யாரும் வாங்க வேண்டாம். நானும் என்னிடம் வாங்குகிறவர்கள் அத்தனை பேரும் அந்தக் குழுவில்தான் இருக்கிறோம். அந்த வார்த்தை அப்படியே நின்றுவிட்டால் நான் மேஜையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

உடனே போன் செய்தேன்.

"ஒண்ணு ரெண்டு போனா செஞ்சவங்க தப்பு மேடம். பன்னெண்டும் ஒரே மாதிரி போனா கிட்லதான் தப்பு. சார்கிட்ட குடுங்க, நான் பேசிக்கிறேன்."

கொடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டே கொடுத்தேன்.

"சார், நான் பெயிண்ட் அடிக்கிறவன், எனக்கு இன்னா தெரியும்? எல்லாம் அது தலைலதான் கீது. அதாண்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டார் என் வீட்டுக்காரர். சிரிப்பு வந்தது. கோபம் மட்டும் இறங்கவில்லை.

செயலாளர் இறங்கி வரவில்லை. அடுத்த ஞாயிறு வந்து பன்னிரண்டையும் எடுத்துப் போகச் சொன்னார். உண்மையைச் சொல்கிறேன், அந்த வாரம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மிச்சமிருந்த பொட்டலங்களில் ஒன்றைப் பிரித்து, என் தாளில் உள்ளபடியே செய்து பார்த்தேன். முதல் தடவையே பாடியது.

ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரில் அவர்கள் கூடும் ஹாலுக்குப் போனேன். பன்னிரண்டும் மேஜையில் வரிசையாக இருந்தன. செய்தவர்களும் இருந்தார்கள். ஒன்றை எடுத்துக் காயிலைப் பார்த்தேன். மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டையுள்ள சிவப்பு வளையம், அதைச் சுற்றிச் செம்புக் கம்பி. இருபத்திரண்டு சுற்று என்று தாளில் போட்டிருந்தேன். எண்ணினேன், இருபத்துமூன்று. அடுத்ததும் இருபத்துமூன்று. மூன்றாவதும் அதே.

"சுத்து எப்படி எண்ணணும்னு இவங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் வாத்தியார் ஒருவர்தான்.

கம்பி ஓட்டைக்குள் எத்தனை தடவை நுழைகிறதோ அத்தனை சுற்று. சும்மா ஒரு முறை நுழைந்து வெளியே வந்தாலும் அது ஒன்று. அவர் வெளிப்பக்க வளைவுகளை எண்ணச் சொல்லியிருக்கிறார்; அவை எப்போதும் ஒன்று குறைவாகவே வரும். அதனால் ஒரு சுற்று கூடிப்போய், ரிசீவர் ஸ்டேஷன்கள் பேசும் அலைவரிசைக்குக் கீழே போய் வெறும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

"முப்பது வருஷமா ரேடியோ லைசென்ஸ் வெச்சிருக்கேன் மேடம்" என்றார். வைத்திருக்கிறார், யார் இல்லையென்றது? முப்பது வருஷமும் கடையில் வாங்கிய செட்டில்தான் பேசினார். எப்படி எண்ணுவது என்று நான் தாளில் எழுதாததும் தப்புதான். அதையும் அங்கேயே எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

"சரி, ஒண்ணைப் பிரிச்சு சரிபண்ணிக் காட்டுங்க" என்று கிட்டை நீட்டினார்.

"நான் தொட மாட்டேன் சார். தொட்டா நான் ரிப்பேர் பண்ணிக் குடுத்தேன்னு ஆயிடும். நீங்களே ஒரு சுத்தை அவிழுங்க."

அவரே அவிழ்த்தார். கம்பி நுனியைச் சுரண்டி, திரும்பப் பற்றவைத்தார். ஜன்னல் வழியாக முருங்கை மரத்துக்கு இழுத்திருந்த ஏரியலை மாட்டிக் குமிழைத் திருகினார். முதலில் வாத்து கத்துகிற மாதிரி ஒரு குரல், அப்புறம் தெளிவாக மனிதக் குரல். மதுரையிலிருந்து யாரோ, அங்கே மழை தூறுகிறது என்றார். பின்வரிசையில் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

"குரூப்ல போட்டுடறேன் மேடம், கிட் சரிசெய்யப்பட்டதுன்னு."

"சரிசெய்யல சார். அது சரியாத்தான் இருந்துச்சு."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"இல்ல."

"எல்லார் முன்னாடியும் எப்படிங்க..."

"எல்லார் முன்னாடியும்தானே சார் கோளாறுன்னு எழுதினீங்க?"

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வாசலில் ஹெல்மெட்டோடு என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாமே, கெளம்பலாமா?"

"அவர் எழுதி முடிக்கட்டும்."

"அப்ப நான் வண்டிய நெழல்ல போட்டுட்டு வர்றேன்" என்று போனார்.

செயலாளர் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். கடைசியில் என் போன் அதிர்ந்தது. 'கிட்டில் கோளாறு இல்லை. சுற்றுகளைத் தவறாக எண்ணச் சொன்னது நான்.' இரண்டு தடவை படித்தேன். படித்துக்கொண்டிருக்கும்போதே அதன் கீழே யாரோ கேட்டிருந்தார்கள்: 'எனக்கு ரெண்டு கிட் வேணும். அந்த சார் நம்பர் கிடைக்குமா?'

அதற்குப் பதிலை நானே எழுதினேன். 'சார் வண்டியை நிழலில் நிறுத்தப் போயிருக்கிறார். கிட் வேண்டுமென்றால் என்னிடம் கேளுங்கள்.'