கொசுப்புழு வகுப்பு

ஜப்பானியர் காலத்தில் பரீட்சை நின்றுபோனது. நான் பாடத்திட்டத்தை நிறுத்தவில்லை. மலாக்காவில், காஜா பெராங்கில் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் ஆறு மாணவர்களுக்குப் பழைய வினாத்தாள்களை வைத்து உயிரியல் நடத்தினேன். வெள்ளைக்காரன் திரும்பினால் பரீட்சையும் திரும்பும் என்று நம்பினேன். கொசுப்புழு எப்படி மூச்சு விடுகிறது என்று ஒருவன் கேட்டபோது, அது பரீட்சைக்கு வராது என்றேன்.

மலேரியாவுக்கான கொய்னா மருந்து கிடைக்காமல் வீட்டுக்கு வீடு காய்ச்சல் படுத்திய நாட்கள் அவை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக இருந்து, காயம் கட்டியும் மருந்து கொடுத்தும் பழகிய ஒருவர் எங்கள் வரிசையில் குடிவந்தார். என் மாணவர்களைச் சிரட்டையும் கையுமாகச் சாக்கடை, கிணறு என்று கொசுப்புழு தேடி அழைத்துக்கொண்டு திரிந்தார். தண்ணீரில் தலைகீழாகத் தொங்கினால் சாதாரணக் கொசுவின் புழு. தட்டையாகப் படுத்திருந்தால் மலேரியாக் கொசுவுடையது என்று சொல்லிக்கொடுத்தார். மலாய் பேசும் பழைய தமிழ்க் குடும்பங்கள் வாழும் கம்போங் செட்டியில், வீட்டுக்காரர்கள் அவருக்குக் கிணற்று மூடியைத் தாங்களே திறந்துவிட்டு, மலாயில் நலம் விசாரித்தார்கள். அதே தெருவில் நான் மூன்று வருடம் நடந்திருக்கிறேன். ஒருவரும் என்னை நிறுத்திப் பேசியதில்லை. என் வகுப்புக்கு ஆறு பேரும் வரத்தான் செய்தார்கள், ஈரக்காலோடும் தாமதமாகவும்.

ஒருநாள் அவர் என் வாசலுக்கு வந்தார்.

"சார், ஸ்கூல் மைக்ராஸ்கோப் ஒங்ககிட்ட இருக்குன்னு பசங்க சொல்றானுங்க. ஒரு நாளைக்குக் குடுத்தா போதும்."

"ஜப்பான்காரன் தூக்கிட்டுப் போயிட்டான்," என்றேன்.

அது என் கட்டிலுக்கடியில் சாக்கில் கிடந்தது. பள்ளிக்கூடத்தை ஜப்பான் படை பிடித்துக்கொண்டபோது நான் கொண்டுவந்தது. அவர் போனதும் தட்டையாகப் படுக்கும் ஒரு கொசுப்புழுவைப் பிடித்துவந்து, ஜன்னலோரம் மைக்ராஸ்கோப்பில் வைத்து, மாலை வரை தனியாகப் பார்த்தேன்.

அவர் தகரத் துண்டில் ஆணியால் துளையிட்டு, அதில் ஒரு சொட்டுத் தண்ணீரை நிறுத்தி லென்ஸ் ஆக்கினார். மாணவர்கள் அதற்கு அடித்துக்கொண்டார்கள். அந்தத் தகரத்தின் மேல்கூட எனக்குப் பொறாமை வந்தது.

மறுவாரம் அவர்கள் என் வீட்டுக்கு எதிரே சாக்கடையில் குனிந்திருந்தார்கள். புழு எப்படி மூழ்காமல் தட்டையாக நிற்கிறது என்று ஒருவன் கேட்டான்.

"தெரியலடா. சாரக் கேளு," என்றார் அவர்.

தெரியாது என்று நான் எந்த மாணவனிடமும் சொன்னதில்லை. அவர் அதைச் சொன்னபோது ஒருவன் முகமும் மாறவில்லை. நான் வாசலிலிருந்தே பதில் சொன்னேன்.

"முதுகுல கட்டுக்குக் கட்டு ரெண்டு முடிக்கொத்து இருக்கு. விசிறி மாதிரி விரிஞ்சு தண்ணியப் புடிச்சிக்கும்."

எங்களிடம் இருந்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை. தகரத் துளை வழியாகவும் தெரியாது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் எங்கே பார்த்தேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது.

"சார் சொன்னத எழுதிக்குங்கடா," என்றார். மறுபடி சாக்கடையில் குனிந்தார்.

மறுநாள் காலை சாக்கோடு அவர் வீட்டுக்குப் போனேன். எப்படிக் கிடைத்தது என்று அவர் கேட்கவில்லை. "எனக்கு இதத் திருகத் தெரியாது சார். நீங்களே வச்சுக் குடுங்க," என்றார்.

கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பி, முடிக்கொத்து ஒவ்வொரு இழையாகத் தெரியும்வரை சரிசெய்தேன். ஆறு பேரும் வரிசையாக வந்து, குழாயில் கண்ணை வைத்தார்கள். பிறகு ஒவ்வொருவனும் நிமிர்ந்து, என்னைத் தாண்டிப் போய், பார்த்ததை அவரிடம் சொன்னான்.