விழாத வண்டியும் வீங்கிய காலும்

இடது காலில் மட்டும் வீக்கம் வந்தபோது எனக்கு இருபத்தாறு வயது. வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கடலூர்ப் பக்கம் ஒரு கால் வீங்கினால் யாரும் இரண்டாவது காரணம் தேட மாட்டார்கள், யானைக்கால்தான். ரத்தப் பரிசோதனையில் அது இல்லை என்றே வந்தது. அம்மா அந்தத் தாளையும் நம்பவில்லை, ஊர் வாயையும் நம்பவில்லை.

"யாரு கேட்டாலும் வண்டியிலேர்ந்து வுழுந்துட்டன்னு சொல்லு" என்றாள்.

சொன்னேன். திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருவில் சொன்னேன், அலுவலகத்தில் சொன்னேன். சொல்லச் சொல்லக் கதையில் மழை வந்தது, குறுக்கே நாய் வந்தது. எலும்பு மருத்துவரிடம் போனால், கதவோரம் எங்கள் தெருக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்குப் பயந்து மருத்துவரிடமும் அதையே சொன்னோம். பிறகு எக்ஸ்ரே, கட்டு, உடற்பயிற்சி என்று மூன்று வருடம் ஓடியது. காலையில் வடிந்திருக்கும், மாலையில் செருப்பு நுழையாது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு கட்டத்தில் உண்மையிலேயே விழுந்தேனோ என்றுகூடக் குழம்பினேன்.

போன வருடம் சிதம்பரத்தில் ரத்தக்குழாய் மருத்துவர் ஒருவரைப் பார்த்தோம். "எந்தப் பக்கம் விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"வலது" என்றேன். அதே நேரத்தில் அம்மா "இடது" என்றாள்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் எந்த இலையில் என்றாவது பேசி வைத்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்னோம். அடிவயிற்றை ஸ்கேன் எடுக்கச் சொன்னார். இடது காலிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயை, அதன் மேலே குறுக்காகப் போகும் இன்னொரு குழாய் பிறவியிலிருந்தே அழுத்திக்கொண்டிருந்ததாம். அதில் பழைய ரத்தக்கட்டு வேறு.

"விழுந்ததா சொல்லாம இருந்தா, அப்பவே வயித்தைப் பாத்திருப்பாங்கம்மா. இப்ப ஸ்டென்ட் வெச்சா வீக்கம் குறையும். முழுசா போவுமான்னு சொல்ல முடியாது."

பேருந்து நிலையத்தில் அம்மா அழுதாள். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் பொய்யைச் சொன்ன வாய் என்னுடையதும்தான்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பொறந்ததுலேர்ந்தே இருக்குன்னு வெளியில சொல்லிடாதடி. வுழுந்ததாவே இருக்கட்டும்" என்றாள்.

கத்தியிருக்க வேண்டும். சரி என்றேன். அந்தக் காலோடு நடக்கப்போவது நான்தான். ஏன் சரி என்றேன் என்று இன்றும் எனக்குப் புரியவில்லை.