பலகை உச்சியில் முடிந்த நேர்த்தி

மகியாவையைத் தாண்டி, கட்டுகஸ்தோட்டை ரோட்டில் இறங்கும்போது பதினெட்டாவது அடியில் மறுபடியும் சாய்ந்துவிட்டேன். கண்டி ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்து அதிக நேரம் ஆகவில்லை. ரோட்டோரக் கல்லைப் பிடித்து நிமிர்ந்து, ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினேன்.

நான் நடந்த விதம் இது. இடது குதிகாலை வலது பெருவிரலில் முட்ட வைக்க வேண்டும். பிறகு வலது குதிகாலை இடது பெருவிரலில். அப்படி இருபது அடி. அடுத்த இருபது நுனிக்காலில், அதற்கடுத்த இருபது குதிகாலில். கடைசியில் நொந்த காலில் மட்டும் நிற்க வேண்டும். காலில் போட்ட கட்டைப் பிரித்த யாழ்ப்பாணத்து டிரெசர், வார்டு நிலத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டித் தந்த அப்பியாசம் இது.

"கீழை பாக்காதை, நேரை பார். ஒரு நாளைக்கு மூண்டு தரம். கொஞ்ச நாளைக்கு ஈரத்திலை நிக்காதை. ஒற்றைக் காலிலை எவ்வளவு நேரம் நிக்கிறாய் எண்டு எண்ணிக்கொள்."

நேரத்தை எண்ண, எண்களைவிட எனக்கு 'எங்கள் பிதாவே' என்னும் பரலோக மந்திரம் சுலபமாக வரும். மூன்றாம் வகுப்போடு நின்றவன் ஒழுங்காகப் பாடமாக்கியது அது ஒன்றுதான். ஆஸ்பத்திரியை விட்ட நாள்வரை, அதில் அன்றாட அப்பம் கேட்கும் வரிக்கு வருமுன் மற்றக் கால் தரைக்கு வந்துவிடும்.

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே செங்கல் சுமந்த நான், மழையில் நனைந்த சாரப் பலகையில் வழுக்கி, தலையில் பன்னிரண்டு கல்லோடு விழுந்தேன். கல் மூன்று உடைந்தது, கணுக்கால் ஒன்று. வேலையை நடத்திய மேசன்பாஸ் ஒரு முஸ்லிம் சோனகர். என்னை வண்டியில் ஏற்றும்போதே சொல்லிவிட்டார்:

"பலகையில கைபுடிக்காம ஏறிக் காட்டினா வேல ஈக்கி. இல்லாட்டி இல்ல."

வேலையாட்கள் படுக்கும் கொட்டகையும் அவருடையது. வேலை இல்லையென்றால் அன்றிரவு படுக்க இடமும் இல்லை. அதனால்தான் ரோட்டிலேயே பழகிக்கொண்டு போனேன்.

வழியில் வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மா என்னைக் கண்டு எழுந்து நின்றார்.

"சாமி, கதிர்காமத்துக்கா?"

அடிக்கு அடி வைத்து நடப்பது கோயில் வீதியில் நேர்த்திக்கடன் செலுத்துகிறவர்களின் நடை. அது எனக்கும் தெரியும். நான் வேதக்காரன், கிறிஸ்தவன் என்பது அவருக்குத் தெரியாது.

"இல்லங்கம்மா. கணுக்காலுக்கு."

"கணுக்காலுக்கா நேந்துக்கிட்டீங்க! எங்கேருந்து இப்படியே வர்றீங்க?"

"ஆஸ்பத்திரியிலேருந்துங்க."

"அவங்களே கைவிட்டுட்டாங்களா, முருகா!" என்று கும்பிட்டுவிட்டு, தன் பகல் சாப்பாட்டு ரொட்டியில் பாதியைச் சம்பலோடு நீட்டினார். "பசியோட நேத்தி நடக்கக் கூடாது, சாப்பிடுங்க."

உண்மையைச் சொல்ல இரண்டு தரம் முயன்றிருந்தேன். மூன்றாம் தரம் வாயில் ரொட்டி இருந்தது. வெற்றிலை வாங்க நின்ற வண்டிக்காரன் ஒருவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாட்டைத் தட்டினான். அவனும் கட்டுகஸ்தோட்டைக்குத்தான் போனான். மாடு என்னைவிட வேகமாக நடந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது மேசன்பாஸ் சாரத்தின் அடியில் நின்றார்.

"வா, சாமியாரே. ரோட்ட அளந்து முடிஞ்சா?"

"அது டிரெசர் சொன்ன அப்பியாசம், பாஸ்."

"வண்டிக்காரன் வேற கத செல்றான். கதிர்காமத்துக்கு நேத்தியாம். வழியெல்லாம் சனம் கும்புடுதாம்."

"ஒரு அம்மாதான் கும்புட்டாங்க."

"தின்னக் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

"திண்டியா?"

"தின்னுட்டேன்."

"அப்ப நேத்திதான். நேத்தி முடியாதவன என்ட சாரத்தில ஏத்த ஏலா. நீ திரும்ப விழுந்தா சாமி குத்தம்னு செல்லுவாங்க. பொறகு ஒரு கூலியாள் இந்தப் பக்கம் வர மாட்டான்."

"நான் வேதக்காரன், பாஸ்."

"வேதக்காரன் எதுக்கு முருகன்ட ரொட்டியத் திண்ட?"

கல் சுமந்தவர்கள் கூடையை இறக்கிவைத்துச் சிரித்தார்கள். நான் பலகையைப் பார்த்தேன். இரண்டு பாதம் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடமில்லாத பலகை.

"நேத்தி இந்தப் பலகை உச்சியில முடியுதுங்க," என்றேன்.

பாஸ் தாடியைச் சொறிந்தார். கூலியாட்களின் முகத்தையும் ஒரு தரம் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஏறி முடி. கல்லு வேணாம், வெறுங்கையோட."

குதிகால், விரல், குதிகால், விரல். கீழே பார்க்காமல், உச்சியில் இருந்த சாந்து வாளியைப் பார்த்தபடி ஏறினேன். பதினேழாவது அடியில் கணுக்கால் உள்ளே மடிந்தது. கீழே சிரிப்பு நின்றது. காலை நிமிர்த்தி அடுத்த அடியை வைத்தேன். இருபத்தாறில் உச்சி வந்தது. அங்கே, டிரெசர் சொன்ன ஒழுங்கின்படி, நொந்த காலில் மட்டும் நின்றேன். அந்த மந்திரத்தில் கொட்டகை கேட்கும் வரி இல்லை. இருந்தாலும் அப்பத்தைத் தாண்டி ஆமென்வரை சொல்லி முடித்துக் காலை இறக்கினேன்.

"முடிஞ்சா?" என்று கீழேயிருந்து பாஸ் கேட்டார்.

"முடிஞ்சிருச்சு, பாஸ்."

"கொட்டகையில படு. ஆனா நானும் எண்ணின, பதினேழில மடிஞ்சத கண்ட. ஒரு மாசத்துக்குப் பலக இல்ல. செங்கல் அறுக்குற எடத்தில சேறு மிதி. அதில விழுந்தா ஒடைய ஒண்டுமில்ல."

மறுநாள் காலை, மகாவலிக் கரையில் செங்கல் அறுக்கும் இடத்தில், களிமண் குழிக்குள் இறங்கினேன். ஈரம் முழங்கால்வரை இருந்தது. ஈரத்தில் நிற்காதே என்று டிரெசர் சொன்னது நினைவுக்கு வந்தது. குதிகாலை முதலில் வைக்கிறேனா விரலை முதலில் வைக்கிறேனா என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. மத்தியானம்வரை மிதித்தேன்.